புதன்கிழமை அக்கா

"அந்தப் பொண்ணு பேரை மட்டும் ரெஜிஸ்டர்லேருந்து அடிச்சிடாதீங்க மேடம்."

மருந்துக்கடை அக்கா கடையைக்கூடச் சரியாகப் பூட்டாமல் ஓடி வந்திருந்தாள். தலைமையாசிரியை அசைந்துகொடுக்கவில்லை. பள்ளிக்கூடமே டிமிக்கி என்று பட்டப்பெயர் வைத்த பிள்ளை அது. பாதி நாள் வருவதில்லை. வந்தாலும் மத்தியானமே பின்பக்க மதிலேறிக் கம்பி நீட்டிவிடும். படிப்பை நடுவில் விட்டுவிடும் போலிருந்த பிள்ளைகளுக்கு புதன்கிழமைதோறும் வந்து சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஆளுக்கொரு துணை ஏற்பாடு செய்தபோது, டிமிக்கி இந்த அக்கா பங்குக்கு வந்தாள். துணை கொடுத்தும் திருந்தாவிட்டால் நாங்கள் வேறென்ன செய்வது என்பது தலைமையாசிரியையின் கட்சி.

"திருந்தலையா? ஒரு புதன்கிழமைகூட அவ எங்கிட்ட வராம இருந்ததில்லை மேடம்."

சொல்லச் சொல்ல அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மக்கு என்று எல்லாரும் கைகழுவிய பிள்ளை, பள்ளி ஆய்வுக்கூடத்து மூலையில் தன்னோடு உட்கார்ந்து கணக்கைக் கடகடவென்று போடுகிறதாம். எல்லாம் தன் கைராசி என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். போன வாரம் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டதற்கே அந்தப் பிள்ளை தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுததாம். அதைச் சொல்லும்போது அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது.

டிமிக்கியாவது, கணக்குப் போடுவதாவது? தலைமையாசிரியை நம்பவில்லை.

அக்கா விடுவிடுவென்று ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அன்றும் புதன்கிழமைதான். அங்கே தனக்காகக் காத்திருந்த பிள்ளையைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினாள்.

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இவ டிமிக்கி இல்லைங்க. வகுப்புலயே முதல் ரேங்க் எடுக்கிற பொண்ணு. இவளைப் பத்தி நாங்க ஒருநாளும் கவலைப்பட்டதே இல்லையே."

முதல் நாள் வந்து நின்ற பிள்ளையைக் கண்ணு என்று கூப்பிட்டதோடு சரி, பேரைக் கேட்கவே அக்காவுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளை அக்காவின் கையை விடாமல், தரையைப் பார்த்தபடி பேசியது.

"டிமிக்கியை அனுப்பிடாதீங்க மேடம். அம்மா போனப்புறம் நான் யார்கிட்டயும் மனசுவிட்டுப் பேசறதில்லைன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். 'எனக்கு வந்த அக்காவை நீ வச்சுக்கோடி'ன்னு அவதான் என்னை அனுப்பிவச்சா."