காலியாக வந்த ரயில்

ஐரோப்பாவில் இரண்டு நாடுகள் தொட்டுக்கொள்ளும் எல்லையில் ஒரு ரயில் நின்றது. இந்தத் தடவையாவது ஆட்களோடு போய்ச் சேராவிட்டால் அதை நிறுத்திவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. நல்லவேளை, அன்றைக்குப் பெட்டி நிறைய அதிகாரிகள். புகையில்லாத பயணத்தைப் பற்றிய மாநாட்டுக்குப் போகிறார்கள்.

"பச்சை காட்டு தம்பி, நேரமாகுது," என்றது ரயில்.

"எப்படிக்கா? உங்க நாட்டு மின்சாரம் வேற, எங்களது வேற. எங்க எஞ்சின் வந்துதான் உங்களை இழுக்கணும். மூணு மணி நேரமாகும்," என்றது சிக்னல்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக்கினா என்னவாம்?"

"முப்பது வருஷமா அதைத்தான் பேசிக்கிட்டிருக்காங்க."

அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பக்கத்துச் சாலையில் கார்கள் வந்து நின்றன. பெட்டி படுக்கையோடு எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் ரயிலைத் தட்டிக்கொடுத்து, "உனக்காகத்தான் போறோம்," என்றார்.

சாயங்காலம் ரயில் காலியாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற கார் கூப்பிட்டது.

"அக்கா, வாழ்த்துகள்! இரண்டாயிரத்து ஐம்பதுக்குள்ள எல்லாரும் ரயில்லதான் போகணும்னு தீர்மானம் போட்டாச்சு. என்ன கைதட்டல்ங்கிறீங்க!"

"என் விஷயம்?"

"நாளையிலேருந்து நிறுத்தறாங்க. காலியா வந்தீங்களாமே."

ரயில் தன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தது.

"வருத்தப்படாதீங்கக்கா. மேடையில உங்க படத்தைத்தான் பெரிசா மாட்டியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு, அதிகாரிகளை ஏற்றிக்கொள்ளக் கார் கதவைத் திறந்தது.