இடது பக்கத்து ஓட்டை

பிய்த்தெடுத்த கார்ப்பெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார் கார்களுக்கு சீட்டும் கார்ப்பெட்டும் தைக்கிற நிதாய்தா.

உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

ஓட்டுகிறவர் பக்கம் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பெடலை மிதிக்கிற இடம், தேயத்தான் தேயும். இது இடது பக்கம். அங்கே பெடலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் மனைவி விஜயா உட்கார்ந்து வருகிற இடம்.

அதுவும் காலை நீட்டினால் முட்டுகிற அந்தச் சரிவில். அடியிலிருந்த சணல் விரிப்பும் போய், தகரத்தின் பெயின்டும் போய், எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

கார் ரிப்பேர்க் கடைகள் நிறைந்த மல்லிக் பஜாரில், பட்டப்பகலில், நானும் அவரும் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். புதுக் கார்ப்பெட்டுக்குக் கலர் பார்க்க அழைத்து வந்த விஜயா, பக்கத்துக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. என்னைவிட ஐந்து வயது மூத்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன சணல் ஆலை மேனேஜர் ஒருவரிடம் ஓடாத நிலையில் வாங்கி, நானே இன்ஜினை இறக்கி ஏற்றினேன். முப்பத்தொரு வருஷமாக, ஞாயிறு தவறாமல், விஜயாவை ஏற்றிக்கொண்டு ஹூக்ளி பாலம் தாண்டி சாந்த்ராகாச்சி வரை ஒரு சுற்று.

அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலையும் முடிகிறது. சஷ்டியப்தபூர்த்தி ஆன மறுநாள் இதே காரில் இரண்டு பேரும் பூரிக்குப் போவதாகத் திட்டம். ஐந்நூறு கிலோமீட்டர். அதற்குத்தான் இந்தப் புதுக் கார்ப்பெட். விஜயாவிடம் சொன்னபோது சரி என்றாள்.

அவள் எதற்கும் சரிதான் என்பாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயம். இந்தக் காரில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பாலம் ஏறியதுமே கண்ணை மூடிக்கொள்வாள், உதடு அசையும். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. பாடுகிறாள், பாடட்டும் என்று ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன்.

எங்கள் ரயில்வேயில் ஒரு வண்டி தடம் புரண்டால், நாலு இலாகாவும் அந்த இடத்திலேயே நின்று, யார் மேல் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நகர்வோம். நானா இதை விடுவேன்?

எலி என்றேன். எலி என்றால் ஓரம் கடிபட்டிருக்கும், இது தேய்ந்திருக்கிறது என்றார் நிதாய்தா. மழைத் தண்ணீர் என்றேன். தண்ணீர் நின்றால் துருப்பிடிக்கும், இது பளபளக்கிறதே என்றார். இன்ஜின் சூடு என்றேன். கருகவில்லையே என்றார். என் மச்சினன் சாய்ராம் ராணுவ பூட்ஸோடு ஒரு தடவை ஏறினான், அந்தப் பாவிதான் என்றேன். ஒரே தடவையிலா என்று கேட்டுவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்தார்.

விஜயாவையும் கூப்பிட்டுக் கேட்டேன். எட்டிப் பார்த்தாள். பழசுதானே என்று சொல்லிவிட்டு டீயைத் தொடர்ந்தாள்.

நிதாய்தா என் பக்கத்துக் கார்ப்பெட்டையும் பிரித்துக் காட்டினார். அது கிட்டத்தட்ட புதுசு. பிரேக்கை நான் அதிகம் தொடுகிறவன் இல்லை, அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் ஓட்டுகிறவன் பக்கம் அப்படியே இருக்க, சும்மா உட்கார்ந்து வருகிறவள் பக்கம் தேயுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. சீட்டுகளை வெறும் தகரத்தின் மேல் வைத்தார். ஓட்டுகிறவரின் குதிகால் படும் இடத்தில் ரப்பர் துண்டு வைத்துத் தைப்பது அவர் வழக்கம். சாக்பீஸால் இடம் குறிக்க என்னை ஏறி உட்காரச் சொன்னார். பழக்கதோஷம், விஜயாவும் எழுந்து வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டாள்.

கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. சக்கரம் இல்லை, பேட்டரியும் இல்லை. எனக்குக் கை சும்மா இருக்காது. ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு ஆசைக்கு முதல் கியரைப் போட்டேன்.

பக்கத்தில் தகரம் டக்கென்றது.

குனிந்து பார்த்தேன். விஜயாவின் வலது கால் சரியாக அந்தப் பளபளப்பின் மேல் இருந்தது. சும்மா இல்லை, கட்டைவிரல் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தேன். கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்தது. இங்கே காற்று இல்லாததால் முதல் தடவையாக எனக்குக் கேட்டது. பாட்டு இல்லை, ஸ்லோகம்.

ஆயிரத்து அறுநூறு ஞாயிற்றுக்கிழமைகள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பயமா இருந்துதுன்னா ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். சக்கரமில்லாத வண்டியில் தான் செய்துகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. என் பக்கம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்த நிதாய்தாவைப் பார்த்தாள்.

"ஏன்னா, அந்த ரப்பரை எனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லுங்கோ. பூரி ரொம்ப தூரமாச்சே."