செம்புப் பட்டை

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆய்வக மேசையில் அவள் செய்த கறுப்புத் தகடு. பிளாஸ்டிக்கில் கரித்தூளைக் கலந்து, உருக்கி, அழுத்தி எடுத்தது. அதன் வழியாகப் பாயும் மின்சாரத்தில்தான் விளக்கு எரிகிறது. பேட்டரிக்குள் மின்வாயாக நிற்கும். மூன்று வருட உழைப்பு.

அதன் முதுகில் ஒரு செம்புப் பட்டை. காலையில் முதலாளி தண்டபாணி தன் கையாலேயே ஒட்டியது. விளக்கு மங்கலாக எரிந்தால் ஆர்டர் கைநழுவிவிடும் என்று அவருக்குப் பயம்.

"பாத்தீங்களா, என்ன வெளிச்சம்!" என்றார், தகட்டை வாங்கச் சென்னையிலிருந்து கோவை வரை வந்திருந்த பொறியாளரிடம்.

பொறியாளர் தலையாட்டினார்.

இரவல் நகை போட்டுக்கொண்டு நின்றது அவள் தகடு. அவளால் பொறுக்க முடியவில்லை.

தகட்டைத் திருப்பினாள். பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள்.

விளக்கு மங்கியது.

அணையவில்லை.

"இவ்வளவுதானுங்க இது. பொய் இல்லாம இவ்வளவு."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அவள் விடுவதாக இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணாடி ஜாடியை இழுத்தாள். உள்ளே பேட்டரிக்கான புரோமின் கரைசல், செக்கச்செவேலென்று. உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். மின்வாயைப் பிளாஸ்டிக்கில் செய்வதே அதற்குப் பயந்துதான்.

தகட்டில் ஒரு துண்டு வெட்டினாள். துண்டையும் செம்பையும் சேர்த்தே உள்ளே விட்டாள். மூடினாள்.

"நாளைக்குப் பாருங்க, எது மிஞ்சுதுன்னு."

"நாளைக்கு நீ வேலைக்கே வர வேண்டாங் கண்ணு," என்றார் முதலாளி. குரல் தணிந்துதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் அப்படித்தான் வரும்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளை டேப்பில் கொஞ்சம் கிழித்தாள். பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

கௌசல்யா.

ஜாடியில் ஒட்டி, ஓரங்களை அழுத்தித் தேய்த்தாள்.

பெயர் ஒட்டிய ஜாடியை அந்தப் பெயருக்கு உரியவர் மட்டுமே திறக்கலாம். ஆய்வகத்தின் விதி அது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கீழே தண்டபாணியின் கையெழுத்து.

பொறியாளர் அதைப் படித்தார். குனிந்து ஜாடியைப் பார்த்தார். பிறகு முதலாளியைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறீங்க?"