தலைவிக்குக் கிடைத்த இடம்

“தூங்குறியா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு கூட்டம் நடத்துறியா?”

பக்கத்து இருக்கையிலிருந்து மைக்செட் கேட்டான். அவன் கிசுகிசுத்தாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். அவனுடைய குடியிருப்பில் இளைஞர் சங்கத் தலைவன். அவளும் வேறொரு குடியிருப்பின் சங்கத் தலைவிதான். வயது இருபதுதான் என்றாலும் தலை நரைத்தவர்கள்கூட அவளைத் “தலைவி” என்றே கூப்பிடுவார்கள்.

“என்னை விட்டுடுப்பா. ரெண்டு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு” என்றாள்.

வேனில் அவளையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள். குடியிருப்புகளில் பொதுவேலை பார்க்கும் இளைஞர்களுக்கு நகர அலுவலகம் வாங்கிக் கொடுத்த கல்லூரி இடம். சொந்த ஊரிலிருந்து எட்டு மணி நேரப் பயணம். மாலை ஐந்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் ரத்து என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அதனால் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பியிருந்தார்கள். வேன் ஏறியதும் எட்டுப் பேரில் ஆறு பேர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார்கள். ஊர்வேலை பார்த்த அலுப்பு அப்படி.

அவள் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினாள். அதில் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, தலைவி. சாக்கடை அடைத்துக்கொண்டதா, தலைவி. புருஷன் பெண்டாட்டி சண்டையா, அதற்கும் தலைவிதான். இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களில் ஒன்றுக்குக்கூட வீட்டுப் பத்திரம் கிடையாது. அதற்காக அலைந்துதான் செருப்பு தேய்ந்தது.

“நான் இல்லாத நேரத்துல பத்திர ஃபைலைத் தூக்கி மூலையில போட்டுட்டா?” என்றாள் திடீரென்று.

“தூங்கப் போறேன்னு சொன்ன ஆளா இது?”

“எனக்கு மனசே இல்ல. எங்க அம்மாதான் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பி வெச்சாங்க.”

“அதான் நகர அலுவலக அதிகாரி பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காரே. எனக்கும் அதையேதான் சொன்னாரு.”

சொல்லத்தான் சொன்னார். முதல் வருஷம் முழுக்க அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. மனுவோடு மணிக்கணக்கில் நிற்கவைப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், “உட்காரும்மா” என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரிக்கான படிவத்தை அவரே எடுத்து வைத்திருந்தார். அவரே நிரப்பினார். நற்சான்றிதழையும் அவரே எழுதி முத்திரை குத்தினார்.

“உன்ன மாதிரிப் பிள்ளைங்க படிக்கணும்மா. உங்க ஃபைல் இனிமே என் பொறுப்பு. நீ நிம்மதியாப் போ” என்றார். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று அன்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. அம்மா.

“ஏய், அலுவலகத்துலேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்கடி. வீட்டுக்கு வீடு சுவத்துல செவப்பு பெயிண்ட்டால நம்பர் போட்டுக்கிட்டே போறாங்க. நமக்கு நாப்பத்தொண்ணு.”

“எதுக்குன்னு கேட்டியாம்மா?”

“கேட்டேனே. எல்லாம் நல்லதுக்குத்தாங்கிறாங்க.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நம்பர் போட்டுவிட்டார்கள் என்றால் பத்திரம் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்! அவள் கல்லூரி போய்ச் சேர்வதற்குள் மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது.

“நமக்குப் பத்திரம் வரப்போகுதும்மா” என்றாள்.

அவள் போனை வைப்பதற்குள் மைக்செட்டின் போன் அடித்தது. “எங்க பக்கமும் நம்பர் போடுறாங்களாம்!” என்று அவன் போட்ட சத்தத்தில் தூங்கியவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் வீட்டுக்குப் போன் போட்டார்கள். எட்டு வீட்டிலும் ஒரே செய்தி. கேட்டுப் பார்த்தால், எட்டுப் பேரின் குடியிருப்பும் ஒரே கால்வாய்க்கரையில்தான் வரிசையாக இருந்தது.

“ஊர்ல இருக்கிற மூளை மொத்தமும் நம்ம கால்வாய்க்கரையிலதான் இருக்கு போல” என்றான் மைக்செட். வேனே சிரித்தது. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேலாவது தூங்கலாம் என்று தலையைச் சாய்த்தாள்.

அப்போது வேனின் வேகம் குறைந்தது. சாலையோரமாக ஒதுங்கி நின்றது. வழியெல்லாம் வாயே திறக்காமல் வந்த டிரைவர், திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

“நம்பர் என்ன கலர்லம்மா போட்டிருக்காங்க?”

“சிவப்புண்ணே. ஏன்?”

அவர் இன்ஜினை அணைத்தார்.

“போன வருஷம் எங்க குடியிருப்புத் தலைவியையும் இதே வேன்ல நான்தான் காலேஜுக்குக் கொண்டுபோய் விட்டேன். அன்னைக்குத்தான் எங்க சுவத்துலயும் செவப்பு நம்பர் போட்டாங்க. மறுநாள் நான் திரும்பிப் போறப்போ, வீடு இருந்த இடத்துல புல்டோசர் நின்னுக்கிட்டு இருந்துச்சும்மா.”

தலைவி குனிந்து, இருக்கைக்கு அடியில் செருப்பைத் தேடினாள்.