முருங்கைக்காய் ஏறிய வண்டி

கடையில் இரண்டு குழந்தை வண்டிகள் நின்றன. பெரியதற்கு நாலு சக்கரம், கூரை, பால்புட்டி வைக்கத் தனி இடம். சின்னதற்கு மூன்றே சக்கரம்.

“உன்னை யாருப்பா வாங்குவாங்க?” என்றது பெரியது.

அன்று மாலை ரெஜினா, கணவனும் குழந்தை மகிழினியுமாக வந்தாள். பெரியதைத் தள்ளிப் பார்த்தாள். “லிஃப்ட்ல இது போனா நாம படியிலதான் ஏறணும்,” என்று சிரித்தாள். சின்னதை ஒற்றைக் கையால் மடக்கித் தூக்கிக்கொண்டாள். சின்ன வண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது, மகிழினி வண்டியில் உட்காரவே மாட்டேன் என்று அழுது அம்மா இடுப்புக்குத் தாவிவிட்டாள். காலி வண்டியில் முருங்கைக்காயும் தேங்காயும் ஏறின. தினமும் இதே கதைதான்.

“வருத்தமா இல்லையா?” என்று தேங்காய் கேட்டது.

“இல்லாம இருக்குமா?” என்றது வண்டி.

ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் வாசலில் மகிழினி இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றாள். வண்டி மெல்ல நகர்ந்தது. அவளும் ஓர் அடி வைத்தாள். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தேங்காயே, அழுத்தி உட்காரு, நான் சாயக்கூடாது!” என்று வண்டி கூவியது. “டிரைவரம்மா வந்துட்டாங்க!”