குறிப்பு எழுதாத ஆறு வரி

“கண் செக்கப், பல் செக்கப், சுகர் செக்கப், எல்லாத்துக்கும் பேரன்ட் கிளாஸ்ல இருக்கிற ‘அனுப்பு’ மெத்தட் போதும். தடுப்பூசி கிளாஸுக்கு மட்டும் தனியா ஒண்ணா? ஏன்னு கேக்கறேன்!”

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்த மேடம், காலையிலிருந்து மூன்றாவது தடவையாக இதையே ஒரு சொல் மாறாமல் கேட்டுவிட்டாள். நோயாளிகளின் போனுக்கு நினைவூட்டல் அனுப்பும் ஜாவா புரோகிராம் அது. எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளை ஒன்று இருக்க, தடுப்பூசிக்கு மட்டும் தனியாக ஆறு வரி எழுதியிருந்தது. எழுதியவன் எதிரே நின்றான். எல்லோருக்கும் அவன் தாடி.

“அது அப்படியே இருக்கட்டும், மேடம்.”

“இருக்கட்டும்னா? ஏதோ லிஸ்டைப் பாக்குது. அதுல நம்பர் இருந்தா மெசேஜ் அனுப்பாம விட்டுடுது. யார் இவங்க? உன் மாமியார் வீட்டு ஆளுங்களா?”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“வெளியில வாங்க மேடம், சொல்றேன்.”

“ஏன், ரகசியமா? இங்கயே சொல்லு. எதுக்குன்னு ஒரு வரி குறிப்பாவது எழுதியிருக்கியா? ஆறு வருஷ சர்வீஸ் வேற!”

தாடி போய் அறைக் கதவைத் திறந்து பிடித்தான்.

“சொல்லாட்டி போ. மொத்தத்தையும் தூக்கிடலாம். ஏம்மா, இந்த ஆறு வரியை எடுத்தா வேற ஏதாவது கெடுமான்னு பாரு.”

மூன்று மாத விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்த டெஸ்டர் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவங்க வேணாம்!” தாடி கத்தினான். “நானே எடுத்துடறேன். அவங்ககிட்ட குடுக்காதீங்க!”

“பாத்தீங்களா? செக் பண்றவ கண்ணுலயே மண்ணைத் தூவப் பாக்கறான்!”

அதற்குள் அவள் லிஸ்டைத் திறந்துவிட்டாள். இருபது ஃபைல் நம்பர்கள், பக்கத்தில் தேதிகள். கடைசி வரிக்கு வந்ததும் அவள் கை நின்றது.

“யாரும்மா இவங்கல்லாம்?”

“அம்மாக்கள், மேடம். குழந்தையோட தடுப்பூசி விவரம் அம்மா ஃபைல்லதான் இருக்கும். குழந்தை தவறிப் போயிட்டாலும் அந்த ஃபைலை மூட மாட்டாங்க. ஊசி போட அழைச்சிட்டு வாங்கன்னு மெசேஜ் போயிட்டே இருக்கும்.” திரையில் அந்த வரியைத் தொட்டாள். “கடைசி நம்பர் என்னோடது.”

மேடத்தின் கோபத்துக்கு இறங்க இடம் கிடைக்கவில்லை. தாடியிடமே திரும்பினாள்.

“இதை ஒரு வரி எழுதி வச்சா என்ன கேடு?”

“எழுதினா அதை முதல்ல படிக்கறது இவங்களாத்தான் இருக்கும், மேடம்.”

டெஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“எடுத்துடாதீங்க, மேடம். இன்னும் பத்தொன்பது பேர் இருக்காங்க.”