வெள்ளிக்கிழமைச் சிவப்பு

கிள்ளான் வெங்காய வியாபாரி கமலநாதனின் மனைவி, இறக்குமுன் தன் புற்றுக்கட்டியை ஆய்வுக்குத் தந்திருந்தார். செராஸ் ஆய்வகத்தில் அதன் செல்கள் லாக்டிக் அமிலத்தைத் துப்பத் துப்ப, அவை வாழும் சிவப்புத் திரவம் மஞ்சளாகும். வெங்காயத்தோலின் ஃபிளேவனாய்டு என்ற மருந்துப்பொருள், அமிலம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டால், சிவப்பாகவே நிற்கும்.

“அங்கிள், வெள்ளிக்கிழமையில மருந்து விடாத தட்டும் சிவப்பாவே நிக்குது. என் ஆய்வே போச்சு,” என்றாள், கமலநாதன் கடைக்குத் தோல் வாங்க வந்த ஆய்வாளர் உஷாராணி.

“வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம் லா. விளக்கேத்தாம பச்சத்தண்ணி பல்லுல படாது. என்கிட்ட பேரம் பேசலாம், அவகிட்ட முடியாது.”

அடுத்த வெள்ளி மாலை இருவரும் மருந்து விடாத தட்டின் முன் நின்றார்கள். சிவப்பு. கமலநாதன் வீட்டுக்குப் போன் போட்டார்.

“விளக்கேத்திட்டியாம்மா?”

“இப்பதான்ப்பா,” என்றாள் மகள்.

தட்டின் ஓரத்திலிருந்து மஞ்சள் மெல்லப் பரவியது.